பச்சை விளக்கு எரிந்தது, மணி அடிக்கவில்லை: கான்கிரீட் வீட்டில் ஓர் அவசர பட்டனின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நங்கநல்லூரில் ஒரு தனி வீடு. தரைத்தளம் 1990களில் கட்டியது, மாடி பத்து வருடம் கழித்து எழுப்பியது. கீழே பின்பக்க அறையில் 78 வயது அம்மா. மேலே மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஹாலிலிருந்தே மாடிக்கு உள் படிக்கட்டு போகிறது. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள், அதனால் போடவில்லை.

நான் சென்னையில் வீடுகளுக்கு நெட்வொர்க், கேமரா, ஸ்மார்ட் சுவிட்ச் வேலை எடுத்துச் செய்கிறவன். இந்த வீட்டுக்கு 2023 ஜூலையில்தான் போனேன். அதற்கு முன்பு மே மாதத்தில் வேறொருவர் எல்லாவற்றையும் பொருத்திவிட்டுப் போயிருந்தார். மேல்மாடி ஹாலில் டி.வி. அலமாரிக்குள் ஃபைபர் ரவுட்டரும் அதை ஒட்டியே ஒரு ஜிக்பீ ஹப்பும் இருந்தன. மேலே ஏழு ஸ்மார்ட் சுவிட்சுகள். கீழே அம்மாவுக்காக மட்டும் நான்கு பொருட்கள்: அறைக் கதவில் ஒரு சென்சார், கட்டிலுக்குக் கீழே நடமாட்டம் பார்க்கும் ஒரு சென்சார், பாத்ரூம் சுவரில் ஓர் அவசர பட்டன், அறை நடுவே ஒரு ஸ்மார்ட் பல்பு. பட்டனை அமுக்கினால் மேலே ஹப் சத்தம் போடும், மகன், மருமகள் இருவர் போனிலும் அலாரம் அடிக்கும். ஏற்பாடு இவ்வளவுதான்.

ஜிக்பீ பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஸ்மார்ட் பொருட்கள் ஒயரில்லாமல் ஒன்றோடொன்று பேசும் ரேடியோ முறை அது, ஹப் அவற்றின் தலைமைப் பெட்டி. வைஃபை போலவே இதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது. ஆனால் மெல்லிய குரல், சின்னச் சின்னச் செய்திகள். கரண்டில் ஓடும் ஜிக்பீ பொருட்கள் பெரும்பாலும் பக்கத்துப் பொருளின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். பேட்டரியில் ஓடுபவை கடத்தாது. தன் செய்தியை மட்டும் பக்கத்தில் இருக்கும் ஒரு கடத்தியிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடும். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் கரண்டில் ஓடிய ஜிக்பீ பொருள் ஒன்றே ஒன்றுதான். அது அந்த பல்பு. இந்த வரியை அன்றைக்கே நான் யோசித்திருந்தால் பாதி நாள் மிச்சமாகியிருக்கும்.

ஜூலையில் ஓர் இரவு

இரவு இரண்டரை மணி வாக்கில் அம்மா பாத்ரூம் போயிருக்கிறார். ஈரத் தரையில் கால் வழுக்கி உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். எழ முடியவில்லை. கையை எட்டி பட்டனை அமுக்கியிருக்கிறார். ஒரு முறை அல்ல, நான்கைந்து முறை.

மேலே எதுவும் அடிக்கவில்லை. ஐந்தேகால் மணிக்கு மருமகள் வாசல் தெளித்துக் கோலம் போட இறங்கி வந்தபோதுதான் உள்ளேயிருந்து குரல் கேட்டிருக்கிறது. எலும்பு முறிவு இல்லை. மணிக்கட்டில் சுளுக்கு, முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் இரண்டே முக்கால் மணி நேரம் அந்த ஈரத்தில் கிடந்திருக்கிறார்.

நான் போனபோது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "அமுக்கினேன் தம்பி. பச்சை லைட்டு எரிஞ்சுது. சரி, வந்துடுவாங்கன்னு நெனச்சு சத்தம் போடாம இருந்துட்டேன்."

அந்த மாடலில் பச்சை விளக்கு எரிவதற்குப் பொருள் 'என்னை அமுக்கினார்கள்' என்பது மட்டுமே. செய்தி போய்ச் சேர்ந்தது என்று அது சொல்வதில்லை. பொருத்தியவர் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. விளக்கு எரியாமல் இருந்திருந்தால் அவர் அப்போதே கத்தியிருப்பார்.

முதல் வருகை: அளந்தவை

வீட்டுக்காரர், அதாவது மகன், அதற்குள் ஒரு வைஃபை எக்ஸ்டென்டர் வாங்கி அம்மாவின் அறையில் சொருகியிருந்தார். சிக்னல் கம்மி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு காரணங்களால் அதில் பயன் இல்லை. வைஃபை எக்ஸ்டென்டர் ஜிக்பீ செய்தியைக் கடத்தாது. அது இருந்த இடத்துக்கே வைஃபை தேய்ந்துதான் வந்தது, தேய்ந்து வந்ததைத்தான் அது திருப்பிச் சொல்லும். போதாததற்கு அதே 2.4இல் அறைக்குள் இன்னொரு இரைச்சலையும் சேர்த்துவிட்டது. முதல் வேலையாக அதைக் கழற்றினேன்.

பிறகு போனில் வைஃபை அளவு காட்டும் ஆப்பைத் திறந்துகொண்டு மேலிருந்து கீழே நடந்தேன். ஜிக்பீயை போனால் அளக்க முடியாது, ஆனால் இரண்டும் ஒரே அலைவரிசை என்பதால் சுவர் எங்கே எவ்வளவு தின்கிறது என்று இதில் தெரிந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று, கதவுகளைச் சாத்தி, சாக்பீஸால் தரையில் குறித்துக்கொண்டேன். சிக்னல் பலத்தை டி.பி.எம். என்ற அளவில் சொல்வார்கள். எல்லா எண்ணும் மைனஸ், அதனால் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் குறைவு. ரவுட்டர் பக்கத்தில் மைனஸ் 36 டி.பி.எம். படிக்கட்டின் தலைமாட்டில் 49. நடுத் திருப்பத்தில் 55. கீழ் ஹாலில் 63. அம்மாவின் கட்டிலில் 78. பாத்ரூமுக்குள், கதவு சாத்தி, 89.

இந்தக் கணக்கில் 10 இறங்கினால் சிக்னல் பத்தில் ஒன்றாகிறது என்று பொருள். ஹாலின் 63இலிருந்து பாத்ரூமின் 89க்கு 26 இறக்கம். ஹாலில் இருப்பதில் ஏறக்குறைய 400இல் ஒரு பங்குதான் பாத்ரூமுக்குள் வருகிறது. இதுவும் ரவுட்டர் பேசி போன் கேட்கும் திசைக்கான கணக்கு. ரவுட்டர் 100 மில்லிவாட் அளவில் பேசும். வட்ட பேட்டரியில் ஓடும் பட்டனோ சில மில்லிவாட்டில் முனகும். அதன் குரல் அதே சுவர்களைத் தாண்டி மேலே போக வேண்டும். ரிச்சி தெருவில் பெரிய ஆன்டெனா வைத்த ரவுட்டர் கிடைக்கும், வாங்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். மேலிருப்பவர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் கீழே இருப்பவரின் குரல் அதனால் கூடாது என்று சொன்னேன்.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வழி. டி.வி. அலமாரியிலிருந்து பாத்ரூமுக்கு நேர்கோட்டில் ஏழு மீட்டர்கூட இல்லை. படிக்கட்டு வழியாகச் சுற்றினால் பதினைந்து மீட்டர். ஆனாலும் சிக்னல் கீழே இறங்கியது பெரும்பாலும் படிக்கட்டுத் திறப்பின் வழியாகத்தான். படிக்கட்டை ஒட்டிய இடங்களில் அளவு மெதுவாகக் குறைந்தது, அதைவிட்டு விலகியதும் சடாரென்று விழுந்தது.

நேர்கோடு ஏன் உதவவில்லை? கூரை 5 அங்குலக் கான்கிரீட், உள்ளே 6 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் 8 மில்லிமீட்டர் கம்பி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட அந்தக் கம்பிக் கட்டத்தின் அளவு. அலை நுழையும், ஆனால் நிறைய இழந்து நுழையும். சாய்வாக வந்தால் இன்னும் மோசம், 5 அங்குலக் கூரைக்குள் அது 8, 9 அங்குலம் நடக்க வேண்டியிருக்கும்.

பாத்ரூம் விஷயம் இதற்கும் மேலே. கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே மாடி பாத்ரூம். மாடி பாத்ரூமின் தரை, கொத்தனார்கள் 'சங்கன்' என்று சொல்லும் தாழ்த்திய தளம். அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் போட்டு, ஓர் அடி உயரத்துக்கு உடைந்த செங்கல்லை நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். கீழ் பாத்ரூம் கூரையில் ஈரம் பூத்த வளையங்கள் தெரிந்தன. அந்த நிரப்பல் வருடம் முழுக்க நனைந்தே இருக்கிறது என்று பொருள். நனைந்த செங்கல் இந்த அலையை நன்றாகவே குடித்துவிடும். போதாக்குறைக்கு பட்டனை ஒட்டியிருந்தது வாட்டர் ஹீட்டரின் இரும்பு உருளை, பட்டனுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே.

அம்மாவின் அறைக்கும் ஹாலுக்கும் இடையிலான 9 அங்குலச் செங்கல் சுவர் தனியாக அவ்வளவு தொந்தரவு இல்லை. அதை ஒட்டி நின்ற ஆறடி இரும்பு பீரோதான் தொந்தரவு. பீரோவின் நிழலில் 78, இரண்டடி தள்ளி வாசல் நேருக்கு வந்தால் 70. தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். அது கன்னி மூலையில் வடக்கு பார்த்து நிற்கிறது, அவர் கணவர் இருக்கும்போது வைத்தது, அசைக்க அம்மாவுக்கு மனமில்லை. அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

பகலில் அடிக்கிறது, இரவில் இல்லை

இவ்வளவு அளந்த பிறகும் ஒன்று இடித்தது. நான் போன மதியம் பட்டனைப் பன்னிரண்டு முறை அமுக்கினேன், பன்னிரண்டு முறையும் மேலே அலாரம் அடித்தது. மே மாதம் பொருத்தியவரும் இப்படி அமுக்கிக் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். பட்டனின் பேட்டரியும் 3 வோல்ட் சரியாகக் காட்டியது. சிக்னல் கம்மிதான், ஆனால் வேலை செய்கிறது. பிறகு அன்று இரவு மட்டும் என்ன?

மடிக்கணினியில் ஒரு ஜிக்பீ யூ.எஸ்.பி. கருவியைச் சொருகி, காற்றில் போகும் செய்திகளை ஒட்டுக்கேட்க விட்டேன். உள்ளே இருப்பது பூட்டிய செய்திதான், படிக்க முடியாது. யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது தெரியும். பட்டன் ஒவ்வொரு முறையும் பல்புக்குத்தான் கொடுத்தது. பல்பு அதை மேலே கடத்தியது.

சாயங்காலம் ஐந்தரை. அம்மா ஹாலுக்கு வந்து உட்காரக் கிளம்பினார். போகிற போக்கில் சுவர் சுவிட்சைத் தட்டி அறை விளக்கை அணைத்தார். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக்கூடாது என்பது அவருக்கு ஆயுள் பழக்கம். நான் அப்போது பாத்ரூம் வாசலில் தரையில் உட்கார்ந்து பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் அதே செய்தி நான்கு வரி ஓடியது. முதல் முயற்சியும், பதில் வராததால் மூன்று மறுமுயற்சியும். பிறகு 'பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா' என்று பட்டன் கூப்பிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த பட்டனில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பல்புக்குச் சுவரில் கரண்டை நிறுத்தினால் அது விளக்காக மட்டும் அணைவதில்லை, கடத்தியாகவும் செத்துப்போகிறது. அம்மா இரவு விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். ஆக மே மாதத்திலிருந்து ஜூலை வரை ஒவ்வோர் இரவும் அந்த பட்டன் ஊமையாகத்தான் இருந்திருக்கிறது. கான்கிரீட் அதை ஒரே கடத்தியை நம்ப வைத்தது, அந்தக் கடத்தியின் உயிரோ சுவர் சுவிட்சில் இருந்தது. மகனை அழைத்துத் திரையைக் காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

யோசித்த வழிகள்

அமெரிக்காவில் இருக்கும் தன் தம்பி இசட்-வேவ் (ஜிக்பீ போன்ற இன்னொரு ரேடியோ முறை) பொருட்கள் அனுப்பத் தயார், அது 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம், சுவரை நன்றாகத் தாண்டுமாமே என்றார் வீட்டுக்காரர். அடிப்படையில் சரிதான். அலை நீளமாக நீளமாகக் கான்கிரீட் குறைவாகக் குடிக்கும். ஆனால் அமெரிக்க இசட்-வேவ் 908.42 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. இந்தியாவில் இசட்-வேவுக்கு 865.2, இந்த 900 பக்கத்தில் இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டிருப்பது அந்த 865 பக்கம்தான். 908 இங்கே மொபைல் கம்பெனிகளின் அலைவரிசைக்குள் விழுகிறது. அதை இங்கே ஓட்டக்கூடாது, இந்திய அலைவரிசைப் பொருளோடு அது பேசவும் பேசாது. இந்திய அலைவரிசையில் அவசர பட்டன் தேடினேன், நம்பி வாங்கும்படி கைக்குக் கிடைக்கவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் 865இல் ஓடும் லோரா (தூரத்துக்குப் பேசும் இன்னொரு ரேடியோ முறை) சென்சார் போட்டோம், அது முதல் நாளிலிருந்து சிக்கலில்லாமல் ஓடுகிறது.

ஸ்மார்ட் பொருட்களுக்கு அப்போது புதிதாக வந்திருந்த மேட்டர், த்ரெட் என்ற முறைகள் பற்றியும் கேட்டார். த்ரெட்டும் ஜிக்பீயும் ரேடியோ அளவில் ஒரே தரம், ஒரே 2.4. பெட்டி மேல் எழுதியிருக்கும் பெயரைக் கான்கிரீட் பார்ப்பதில்லை.

கரண்ட் ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் பெட்டிகள் இன்னொரு வழி. வீட்டில் த்ரீ ஃபேஸ், மேலே ஒரு ஃபேஸ், கீழே ஒரு ஃபேஸ், நடுவில் இன்வெர்ட்டர். அந்தச் செய்தி ஒரு ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒழுங்காகத் தாண்டாது என்பதால் முயன்று பார்க்கக்கூட நான் சம்மதிக்கவில்லை.

மிஞ்சியது இரண்டு. ஜிக்பீயிலேயே இருந்து, படிக்கட்டு வழியாகக் கடத்திகளை வரிசையாக வைப்பது ஒன்று. ஒயர் இழுத்து, பேசும் பெட்டியையே கீழே கொண்டுபோவது இன்னொன்று. முதலாவது அன்றே முடிகிற வேலை. அம்மா அந்த இரவு தூங்க வேண்டும் என்பதால் அதைத் தேர்ந்தேன்.

முதல் திருத்தம், அதன் ஓட்டை

கீழ் ஹாலில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஜிக்பீ பிளக், அம்மாவின் அறை வாசலை ஒட்டி, பீரோ மறைக்காத பக்கம், இன்னொன்று. ஸ்மார்ட் பல்பைக் கழற்றிச் சாதாரண எல்.இ.டி. மாட்டினேன். பட்டனைப் புதிய இடத்தில் வைத்து அங்கிருந்தே மறுபடி இணைத்தேன். மேலே ஹப் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டுக் கீழே கொண்டுவந்தால் சில பொருட்கள் பழைய தொடர்பையே பிடித்துக்கொண்டு தவிக்கும்.

பட்டனின் இடத்தையும் மாற்றினேன். ஹீட்டர் பக்கத்தில் நான்கடி உயரத்தில் இருந்ததை எதிர்ச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு இறக்கினேன். விழுந்தவர் கை எங்கே எட்டும் என்று அம்மாவையே கேட்டேன், அவர் காட்டிய இடம் அது.

டி.வி. அலமாரியிலும் ஒரு திருத்தம். ஹப் ஜிக்பீயின் 11ஆம் சேனலில், அதாவது 2405 மெகாஹெர்ட்ஸில் இருந்தது. பக்கத்திலிருந்த ரவுட்டர் வைஃபை சேனல் 1இல், அது 2402இலிருந்து 2422 வரை பரவும். மெல்லக் கேட்க வேண்டியவனின் காதருகே ஒலிபெருக்கி. அந்த ஹப்பில் சேனலை மாற்ற வழியில்லை. அதனால் ரவுட்டரை வைஃபையின் 11ஆம் சேனலில் (ஜிக்பீயின் 11 வேறு) நிறுத்தி, ஹப்பை ஒன்றரை மீட்டர் தள்ளி, அலமாரிக்கு வெளியே வைத்தேன்.

விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி நாற்பது முறை அமுக்கினோம். நாற்பதும் வந்தது. தினமும் காலை காபி குடித்ததும் அம்மா ஒரு முறை அமுக்க வேண்டும், மருமகள் ஒரு நோட்டில் டிக் போட வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனேன். இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளிலேயே நல்லது அந்த நோட்டுதான்.

மூன்று வாரம் டிக். ஆகஸ்டில் ஒரு நாள் அந்தப் பகுதியில் பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை மின்தடை. அன்று காபி தாமதம், அம்மா ஒன்பதரைக்கு அமுக்கினார். மேலே சத்தமில்லை. மருமகள் உடனே எனக்கு போன் செய்தார்.

காரணம் போனிலேயே விளங்கிவிட்டது. ஹப்பும் ரவுட்டரும் இன்வெர்ட்டரில், நான் வைத்த இரண்டு பிளக்குகளும் நேர் இ.பி. லைனில். பல்பைக் குற்றம் சொன்ன நான் அதே குற்றத்தை வேறு இடத்தில் செய்திருந்தேன். மே மாதம் பொருத்தியவர் சுவிட்சைப் போட்டபடி சோதித்தார், நான் கரண்ட் இருக்கும்போது சோதித்தேன்.

டி.டி.எச். குழாய்

அந்த வாரமே எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு போனேன். இந்த முறை ஒயர் என்று முடிவாகிவிட்டது. கேள்வி, சுவரை உடைக்காமல் எந்த வழி? சென்னையில் இந்த வயது வீடுகளில் பெரும்பாலும் ஒரு வழி இருக்கும். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து மேல் ஹால் டி.வி. பாயின்ட்டுக்கும், அங்கிருந்து கீழ் ஹாலுக்கும் கேபிள் இறங்க ஒரு தனி பி.வி.சி. குழாய் போட்டிருப்பார்கள். இந்த வீட்டில் அதில் ஒரு கறுத்த கோஆக்ஸ் கேபிள் பல வருடமாகச் சும்மா கிடந்தது.

கரண்ட் ஒயர் போகும் குழாயில் நெட் ஒயரை விடக்கூடாது. இது தனிக் குழாய் என்பதால் பயமில்லை. கோஆக்ஸின் நுனியில் கேட்-6 என்ற நெட் கேபிளைக் கட்டி, முடிச்சு தடிக்காமல் படிப்படியாக இன்சுலேஷன் டேப் சுற்றி, கீழேயிருந்து இழுத்தோம். ஆறடி சுகமாக வந்தது. லின்டல் மட்டத்தில் வளைவில் சிக்கியது. எலக்ட்ரீஷியன் இழுப்பதை நிறுத்தினார். "இழுத்தா டேப்பு உருவிக்கும், அப்புறம் ரெண்டும் போச்சு," என்றார். மேலேயிருந்து நான் ஓரடி பின்னுக்கு வாங்கினேன். அவர் கீழே கோஆக்ஸை இரு விரலில் பிடித்து மெல்லத் திருகினார். குழாய் வாயில் முகப்பவுடர் தூவி மறுபடி விட்டோம். நாலாவது முறை முடிச்சு வளைவைத் தாண்டியது. கீழே வந்த நுனியில் பவுடரும் பழைய சிமென்ட் தூசும் ஒட்டியிருந்தன, டேப் ஓரிடத்தில்கூடப் பிரியவில்லை.

பிறகு நடந்தது சுருக்கம். சேனல் மாற்ற விடாத பழைய ஹப்பை எடுத்துவிட்டு, மேலே ஒரு சிறிய கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற, ஸ்மார்ட் பொருட்களை நடத்தும் மென்பொருளைப் போட்டோம். ஜிக்பீ பேசும் பெட்டியைக் கீழ் ஹாலில், அம்மாவின் அறை வாசல் தெரியும் சுவரில் மாட்டினோம். அதற்குக் கரண்டும் செய்தியும் அந்த ஒரே கேட்-6இல் மேலேயிருந்து இறங்குகிறது. மேலே அந்தக் கரண்ட் இன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. பக்கத்தில் ஒரு வைஃபை பெட்டியும் சேர்த்ததால் கீழே நெட் பிரச்சினையும் போயிற்று. ஜிக்பீயை 20ஆம் சேனலுக்கு மாற்றினேன். அது 2450, வைஃபையின் 6க்கும் 11க்கும் நடுவே இருக்கும் சந்து. பொருட்களை எல்லாம் மறுபடி இணைக்க ஒரு மதியம் பிடித்தது. வாசல் பக்கத்து பிளக்கை எடுத்துவிட்டு, இன்வெர்ட்டர் லைனில் ஒரு சிறிய கடத்தியை நிரந்தரமாகப் பொருத்தினோம்.

பட்டனின் இணைப்புத் தரம், 255க்கு எவ்வளவு என்று காட்டும் எண், பிளக் வைத்த நாட்களில் 90 பக்கம் இருந்தது. இப்போது 180க்குக் கீழே போவதில்லை. மெயினை இறக்கிவிட்டு, விளக்கணைத்து, கதவு சாத்தி, மறுபடி நாற்பது. எல்லாம் வந்தது.

கம்பி மணி

இத்தனைக்குப் பிறகும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓர் உயிரின் கூப்பாடு பேட்டரி, ரேடியோ, கடத்தி, கணினி, ஆப் என்று ஐந்து கைகள் மாறிப் போகக்கூடாது. வீட்டுக்காரரிடம் நேராகவே சொன்னேன்: ஸ்மார்ட் பட்டன் இருக்கட்டும், நீங்கள் ஆபீசில் இருந்தாலும் அது போனில் சொல்லும். ஆனால் வீட்டுக்குள் அடிக்க ஒரு சாதாரண மணி வேண்டும்.

அம்மாவின் அறையிலிருந்து மாடிக்குப் பழைய லேண்ட்லைன் எக்ஸ்டென்ஷனுக்காகப் போட்ட இரட்டைக் கம்பி ஒயர் சுவருக்குள் அப்படியே இருந்தது. மல்டிமீட்டரில் பார்த்தோம், அறுபடவில்லை. அதன் மேல்முனையில் மகன் படுக்கையறைக்கு வெளியே ஒரு 12 வோல்ட் பஸ்ஸர், கீழ்முனையில் பாத்ரூமில் கயிறு இழுத்தால் அடிக்கும் சுவிட்ச். கயிறு தரையைத் தொடும் அளவுக்குத் தொங்குகிறது. ஈரமான இடத்தில் 230 வோல்ட் வரக்கூடாது என்பதால் முழுக்க 12 வோல்ட். இன்வெர்ட்டரையும் நம்பாமல் தனியாக ஒரு 7 ஆம்பியர்-அவர் பேட்டரியும் சார்ஜரும். கூலியோடு சேர்த்தும் ஸ்மார்ட் பொருட்களின் செலவில் இது சிறு பங்குதான்.

மழையும் மிக்ஜாமும்

நவம்பரில் மழை பிடித்ததும் எண்களைக் கவனித்தேன். வெளிச் சுவர்கள் நனைந்ததில் வாசல் கேட்டில் இருக்கும் சென்சாரின் தரம் பாதிக்கு மேல் விழுந்தது, இரண்டு நாள் தொடர்பே இல்லை. அம்மாவின் பட்டன் 180லிருந்து 160 பக்கம் இறங்கி அங்கேயே நின்றது. ஹால் பெட்டியிலிருந்து பாத்ரூமுக்கு உள்சுவர்களும் வாசல்களும்தான், நனையும் சுவர் எதுவும் அந்த வழியில் இல்லை.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தெருவில் தண்ணீர், விடிகாலையிலேயே கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் மதியம் வரை தாங்கியது. அதன் பிறகு ரவுட்டர், கணினி, ஜிக்பீ, மொபைல் டவர் என்று ஒவ்வொன்றாகப் போயின. மறுநாள் இரவு வரை கரண்ட் வரவில்லை.

நோட்டில் அந்த இரண்டு நாளுக்கும் மருமகளின் கையெழுத்தில் இருப்பது இது. டிசம்பர் 4 காலை: பட்டன் டிக், கயிறு டிக். டிசம்பர் 5 காலை: பட்டன் இல்லை, கயிறு டிக். 5ஆம் தேதி பின்னிரவில் அம்மா ஒரு முறை கயிற்றை இழுத்திருக்கிறார். விழவில்லை, இருட்டில் எழுந்து நிற்கத் தயக்கம். மகன் டார்ச்சோடு ஒரு நிமிடத்துக்குள் கீழே இருந்திருக்கிறார்.

மறுபடி செய்தால்

கம்பி மணியை முதல் நாளே போடுவேன். ரேடியோவைச் சரிசெய்யும் ஆர்வத்தில் அதைக் கடைசிக்குத் தள்ளியது தவறு. அந்த ஐந்தாறு வாரமும் அம்மா ஒற்றை வழியை நம்பித்தான் படுத்திருந்தார்.

சோதனை என்றால் இனி எனக்கு இரவுச் சோதனைதான். விளக்குகள் சுவர் சுவிட்சில் அணைந்து, கதவுகள் சாத்தி, மெயின் இறக்கி, வீட்டில் எல்லோரும் படுத்திருக்கும் நிலையில். பகலில் கதவைத் திறந்துவைத்து அமுக்கிக் காட்டுவதை ஒப்படைப்பு என்று நான் இனி ஏற்பதில்லை. கடத்தியாக வேலை செய்யும் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் அது எந்த லைனில் ஓடுகிறது, யார் அணைக்கக்கூடும் என்று எழுதிவைக்கிறேன். ஸ்மார்ட் பல்பு கட்டாயம் வேண்டும் என்பவர் வீட்டில் அதன் சுவர் சுவிட்சை மூடி வைக்கச் சொல்கிறேன், இல்லாவிட்டால் பல்பையே மறுக்கிறேன்.

பச்சை விளக்கையும் மாற்றினோம். இப்போது செய்தி கணினிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அம்மாவின் அறையில் சின்ன மணி ஒன்று 'டிங்' என்று ஒலிக்கிறது. "டிங் கேட்கலைன்னா கயிறை இழுங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன்.

ஓ.எம்.ஆர். பக்கம் அலுமினிய அச்சில் வார்த்த அடுக்குமாடிகளில் வீடு வாங்குபவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அங்கே செங்கல் சுவர் அரிது, அறைச் சுவர்களே கான்கிரீட். இந்த வீட்டில் கூரை செய்ததை அங்கே ஒவ்வொரு சுவரும் செய்யும். பிறகு இழுக்கப் பழைய குழாயும் இருக்காது. சாவி வாங்குவதற்கு முன்பே ஒவ்வோர் அறைக்கும் ஒரு நெட் குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள், வாய்வார்த்தையை நம்பாமல் ஒயர் விட்டுப் பாருங்கள்.

கேட் சென்சார் மட்டும் இன்னும் சரியாகவில்லை. நடுவில் போர்ட்டிகோ தூணும் இரும்புக் கதவும். பொங்கலுக்குப் பிறகு வாசல் தரைக்கல்லைப் பெயர்த்துப் போடப்போகிறார்கள், அப்போது அடியில் ஒரு குழாய் புதைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை இரவு பத்து மணிக்கு மகனே போய்க் கேட்டைப் பூட்டிவிட்டு வருகிறார்.